சேவல் தைத்த ஊசி

வரப்புத் தகராறுதானே? கையில் வில்லங்கச் சான்று இருக்கிறதே, அதைப் பார்த்துக் கேட்டேன். அப்படியானால் சாப்பாட்டுக்கு முன் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். இந்தக் கோர்ட்டில் முதலில் அடிதடி, பிறகுதான் நிலம். உட்காருங்கள் தம்பி, பெஞ்சின் அந்தக் கால் ஆடும், இந்தப் பக்கம் வாருங்கள்.

நான் அடிதடி. சரியாகச் சொன்னால் அடிதடி இல்லை, வெட்டு. குற்றப்பத்திரிகையில் ‘பயங்கர ஆயுதத்தால் கொடுங்காயம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுதம் மூன்று அங்குலம், சேவல் காலில் கட்டுகிற கத்தி. அதை அளந்துகூடப் பார்க்காமல் பயங்கரம் என்று எழுதுவது எழுதுகிறவரின் சோம்பல். என் பேச்சு புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊத்துக்காட்டுவலசு கிளை நூலகத்தில் இருபத்திரண்டு வருடம் நூலகர். இப்போது இடைநீக்கம். பெயர் நாச்சிமுத்து.

அதோ, வேப்பமரத்தடியில் நீலச் சேலை. பக்கத்தில் சின்னப் பெண் ஒருத்தி கல் பொறுக்குகிறாள் பாருங்கள். அது என் மனைவி கோமளா, அது என் மகள் மிருதுளா. ஆறு வயது. அவர்கள் எதிர்க்கட்சி. கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறானே, அவன் மாரப்பன். அவனைத்தான் வெட்டினேன். சிநேகிதன்தான். முப்பது வருடச் சிநேகம்.

எங்கள் பக்கம் பொங்கலுக்குச் சேவல்கட்டு உண்டு. சட்டப்படி கூடாது, ஆனால் உண்டு. சேவலுக்கு வலது காலில் கத்தி கட்டி விடுவார்கள். இரண்டும் எகிறும், ஒரு நொடிதான், ஒன்று குடல் சரிந்து கிடக்கும். செத்தது ஜெயித்தவனுக்குக் குழம்பு. ஜெயித்ததும் முழுசாக இருக்காது, நெஞ்சு கிழிந்திருக்கும். அதைத் தைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். சேவலைப் பிடித்து விடுகிறவர்கள் கையும் கிழியும். கத்திக்கு இறகும் ஒன்றுதான், மனிதத் தோலும் ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படிக் கிழிந்தது என்று கேட்பார்கள், போலீசுக்குச் சொல்வார்கள். அதனால் மனிதர்களையும் நானே தைப்பேன். சேவலைத் தைத்த கையோடு ஆளைத் தைப்பேன், ஆளைத் தைத்த கையோடு சேவல்.

படிக்காமல் இறங்கியதில்லை. உடற்கூறு நூல் இரண்டு, கால்நடை வைத்தியம் ஒன்று, போர்க்களச் சிகிச்சை பற்றி ஒரு மொழிபெயர்ப்பு, மோசமான மொழிபெயர்ப்பு, அதையும் படித்தேன். கரூரில் வாங்கிய வளைந்த ஊசி ஒன்று வைத்திருந்தேன். ஒரே ஊசி, ஒன்பது வருடம். எப்படிப் பாதுகாத்தேன் தெரியுமா? ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் மஞ்சள் தண்ணீரில் முக்கி, வெள்ளைத் துணியில் துடைப்பேன். நெருப்பில் காட்ட மாட்டேன். நெருப்பில் காட்டினால் நுனி மழுங்கும், மழுங்கிய ஊசி தோலை இழுக்கும், தழும்பு கோணலாகும். என் தையலில் கோணல் கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது கேட்காதீர்கள், இப்போது வேறு மாதிரிச் சொல்வார்கள்.

போன பொங்கலுக்குப் பெரிய கூட்டம். முதலில் வந்தது வெளியூர்க்காரர் ஒருவர், பெயர் கேட்கவில்லை, கட்டைவிரலில் மூன்று தையல். அப்புறம் ஒரு செவலைச் சேவல். அப்புறம் மாரப்பன், முன்கையில் ஆறு. அப்புறம் கணக்கில்லை. மறுநாள், காயம்பட்ட சேவல் ஒன்றை எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள் கோமளா. உதறியதில் அவள் உள்ளங்கை கிழிந்தது, நான்கு தையல். அழவே இல்லை. “ஏனுங்க, சேவலுக்குப் போடற மாதிரியே போடறீங்களே”ன்னு சிரிச்சா. பார்த்தீர்களா, அவளைப் பற்றிப் பேசினால் என் தமிழும் இறங்கிவிடுகிறது.

பங்குனியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண் மஞ்சள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு சீட்டு கொடுத்தார்கள், அதில் ‘ஹெபடைட்டிஸ் பி’ என்று இருந்தது. கணவனையும் கூட்டி வாருங்கள், ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்களாம். எனக்கு எதற்கு? நான் ஒழுக்கமானவன்.

அந்தப் பெயர் எனக்குப் புதிது இல்லை. மிருதுளா பிறந்த பிறகு ஐந்து நோய்க்குச் சேர்த்து ஒரே ஊசி என்று நர்ஸ் வந்தபோது, எந்த ஐந்து என்று கேட்டேன். எழுதிக் கொடுத்தாள். நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். ஹெபடைட்டிஸ் பி, பரவும் வழிகள்: ஒன்று, பாலுறவு. புத்தகத்தை மூடிவிட்டேன். கைக்குழந்தைக்கு, அதுவும் பெண் குழந்தைக்கு, அந்த நோய்க்கு எதற்கு ஊசி? வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அன்று படித்தது அப்படியே நினைவில் இருந்தது. எனக்கு எதுவும் மறக்காது.

ஆக, கோமளாவுக்கு அந்த நோய். வழி, ஒன்று. எனக்கு நோய் இல்லை. இதற்கு மேல் தர்க்கம் தெரிந்தவனுக்கு என்ன சொல்ல வேண்டும்?

அவளை உட்காரவைத்துக் கேட்டேன். குரல் உயர்த்தவில்லை. யார் என்று மட்டும் கேட்டேன். அவள் முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சுங்க”ன்னா. நான் அடிக்கவில்லை. குற்றப்பத்திரிகையில் அதுவும் தப்பாக இருக்கிறது. தள்ளினேன். அடித்தது நிலைப்படி. நெற்றி பிளந்து, புருவத்துக்கு மேல் எலும்பு தெரிந்தது. ஊசியை எடுத்துவந்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட அவள் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனாள். நான்கு மைல். அதை அங்கே எவனோ தைத்திருக்கிறான், இங்கிருந்தே தெரிகிறது பாருங்கள், புருவம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. நான் போட்டிருந்தால் அப்படி ஆகியிருக்காது.

இதற்கிடையில் மாரப்பன் வந்தான். அவன் கண்ணும் மஞ்சள். மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான்.

“இதப் படிச்சுச் சொல்லு மாப்ள. டவுன் ஆஸ்பத்திரில குடுத்தாங்க. நம்ம கோமளாவுக்கும் இதே எழுத்துத்தானாமே.”

அதே எழுத்துத்தான். அதே நோய், அதே மாதம். ஒளிக்காமல் என்னிடமே கொண்டுவந்து காட்டுகிறான். குற்றவாளிகள் இப்படித்தான் தைரியமாக இருப்பார்கள் என்று நான் படித்திருக்கிறேன். “கீழாநெல்லி அரைத்து மோரில் குடி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்து நாள் பொறுத்தேன். பொறுமை எனக்குப் பழக்கம்.

சித்திரையில் நோம்பி, எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. கோயில் காட்டில் சின்னதாக ஒரு சேவல்கட்டு. மாரப்பன் அவன் சேவலோடு வந்தான், நிறத்தை வைத்து வல்லூறு என்போம் அதை. கத்தி கட்டுவது எப்போதும் நான்தான். எப்படி என்றால், சேவலை வைத்திருப்பவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சேவலை மார்போடு அணைத்து, அதன் காலை மட்டும் நீட்டிக் கொடுப்பான். கட்டுகிறவன் எதிரில் உட்கார்ந்து நூல் சுற்றுவான். இரண்டு கையும் அவனுக்கு வேலையில் இருக்கும். உலகத்தில் அதைவிட நம்பி ஒருவன் இன்னொருவன் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கத்தி என் கையில். உறையிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் சேவலின் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு சொல்கிறான், “மாப்ள, கோமளாவ நாம்போய்க் கூட்டிட்டு வரட்டா? எனக்கு நீ என்னமோ மறைக்கிற. எனக்குத் தெரியும்.”

கெண்டைக்காலில் இழுத்தேன். பட்டுத் துணி கிழிகிற சத்தம், அவ்வளவுதான். ஒரு நொடி ரத்தமே வரவில்லை, வெள்ளையாக வாய் திறந்த மாதிரி இருந்தது. அப்புறம் வந்தது. அவன் என்னைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். சேவலை விடவே இல்லை. இரண்டாவது இழுப்பு முழங்காலுக்குக் கீழே. அப்போதுதான் விட்டான். வல்லூறு எகிறிப் பறந்து பக்கத்தில் கட்டியிருந்த சேவல் மேல் விழுந்தது. அந்தச் சேவலுக்குக் கத்தி கட்டியாகிவிட்டது, இதற்குக் கட்டவில்லை. வல்லூற்றின் கழுத்து அங்கேயே போய்விட்டது. கூட்டம் அதைத்தான் முதலில் பார்த்தது. ஆளைப் பார்க்கவில்லை.

என்னை நான்கு பேர் பிடித்தார்கள். ஒருவன் கட்டையால் முதுகில் போட்டான், இரண்டு விலா எலும்பு விரிசல் விட்டது. அதற்குக் குற்றப்பத்திரிகை இல்லை, கவனியுங்கள். மாரப்பன் மண்ணில் கிடக்கிறான், மண் குழைந்து சேறாகிறது. ஆஸ்பத்திரி என்றான் ஒருவன். “ஆஸ்பத்திரின்னா போலீசு, நோம்பில எல்லாரும் உள்ள போகோணும்”னு இன்னொருத்தன். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னை மிதித்துக்கொண்டிருந்தவனே காலை எடுத்துவிட்டுச் சொன்னான், “அண்ணா, நீங்களே போட்டுவுட்ருங்க.”

போட்டேன். அதே இடத்தில் உட்கார்ந்து, என் கையால் திறந்ததை என் கையால் மூடினேன். இருபத்து மூன்று தையல். என் ரத்தம் மூக்கிலிருந்து அவன் கால்மேல் சொட்டுகிறது, துடைத்துத் துடைத்துப் போட்டேன். மாரப்பன் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பதினைந்தாவது தையலில் துண்டைத் துப்பிவிட்டுக் கேட்டான்.

“என்னத்துக்கு மாப்ள?”

“கோமளாகிட்டக் கேளு.”

புரிந்ததும் அழுதான். தைத்தபோதெல்லாம் அழாதவன். “அவ எனக்குத் தங்கச்சிடா. நான் உன்ன மாப்ளன்னு கூப்படறப்ப அவ எனக்கு வேற யாருடா?”

உறவுமுறைப்படி அது சரிதான். ஆனால் நோய்க்கு உறவுமுறை தெரியாது என்று பதில் சொன்னேன். நல்ல வாக்கியம் என்று அப்போது தோன்றியது.

மூன்றாம் நாள் கால் வீங்கி, அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்து போலீஸ், அங்கிருந்து நான் சிறை. நரம்பு அறுந்திருக்கிறதாம், பாதம் தூக்க வராது. அந்தக் கைத்தடி அதற்குத்தான்.

ஜாமீனில் வந்த பிறகுதான் டாக்டரம்மா வந்தார். ரெஜினா என்று பெயர், ஆரம்ப சுகாதார நிலையம். ஊரில் பதினோரு பேருக்கு அதே மஞ்சள் கண், அதே நோய். வரிசையாகச் சொன்னார். கோயில் பூசாரி. கல்யாணமே ஆகாத காளியப்பன், எழுபத்தொரு வயது, இடுப்பு நிமிராது. பால் சொசைட்டிக் கணக்கர். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒழுக்கம் இந்த அளவுக்குக் கெட்டுவிட்டதா என்று காளியப்பனை நினைத்து உண்மையிலேயே வருந்தினேன்.

அவர் ஒரு தாளை விரித்தார். பதினோரு பெயர், வட்டமாக. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு நடுவுக்கு வருகிறது. நடுவில் என் பெயர்.

“இந்தப் பதினோரு பேருக்கும் பொதுவா இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதாங்க. பொங்கல் வாரத்துல நீங்க தையல் போட்டிருக்கீங்க. இது ரத்தத்துல பரவும். உலர்ந்த ரத்தத்துலகூட ஏழு நாள் உசிரோட இருக்கும். மஞ்சத்தண்ணிக்கெல்லாம் சாகாது.”

“புத்தகத்தில் அப்படி இல்லை” என்றேன்.

“எந்தப் புத்தகம்?”

நூலகச் சாவி என்னிடம் இல்லை, பொறுப்பு வேறு ஆளிடம். அவரையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். நானே எடுத்துக் கொடுத்தேன், இரண்டாம் அலமாரி, மேல்தட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். பரவும் வழிகள்: ஒன்று, பாலுறவு. பக்கத்தின் கடைசி வரி. டாக்டரம்மா பக்கத்தைத் திருப்பினார். இரண்டு, சுத்தம் செய்யாத ஊசி, கத்தி, சவரக்கத்தி. மூன்று, பரிசோதிக்காத ரத்தம். நான்கு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. அச்சுக்கோர்த்தவன் அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறான். பட்டியலை நடுவில் உடைப்பது பெரிய தவறு. பதிப்பகத்துக்கு எழுதப் போகிறேன்.

ஆனாலும் நான் விடவில்லை. முதலாவதாகச் சொல்லப்படுவதுதானே முதன்மையானது என்றேன். பதினோரு பேரில் ஒரு சிலருக்கு ஊசி என்றே வைத்துக்கொள்வோம், மற்றவர்களுக்கு எது என்று யார் கண்டது என்றேன். அவர் தாளில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். பதினோராவது பெயர். நான் அதுவரை அதைப் படிக்கவில்லை. வட்டத்தின் அடியில் இருந்ததால் அந்தப் பெயர் தலைகீழாக இருந்தது.

மிருதுளா.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் அவள் அம்மிக்கல்லில் விழுந்து தாடை பிளந்தது. ஐந்து தையல். டாக்டரம்மா சொன்னார், பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் சில மாதத்தில் தானே போய்விடும், குழந்தைகளுக்குப் பல நேரம் தங்கிவிடும், ஈரலைக் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பெரியவளாகும் வரை, அதற்குப் பிறகும். ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது என்றும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நான் அவரை அனுப்பிவிட்டேன். மரியாதையாகத்தான்.

என் வக்கீல் கெட்டிக்காரர். கேட்டுவிட்டு, “குழந்தைக்கும் இருக்குதா? அப்படின்னா இன்னும் நல்லதுங்க”ன்னார். எப்படி என்றால், திடீரென்று, கடுமையாக ஆத்திரம் மூட்டப்பட்டு வெட்டினால் தண்டனை குறையும். நீதிபதி கேட்கும்போது, மனைவியின் நடத்தை எனக்கு அன்று காலைதான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். முதல் பதில் அது. இரண்டாவது, குழந்தைக்கு அது பிறப்பிலேயே தாயிடமிருந்து வந்தது, ஆகவே அந்தப் பழக்கம் ஆறு வருடத்துக்கு மேலானது, ஆகவே குழந்தை யாருடையது என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் இருக்கிறதுதானே, நான்காவது வழி. மூன்றாவது, தாடைத் தையல் நான் போட்டதில்லை, கரூரில் யாரோ ஒரு கம்பவுண்டர் போட்டது. இந்த மூன்றையும் சொன்னால் ஊசி விவகாரம் எழும்பாது. சத்தியம்கூடச் செய்ய வேண்டியதில்லை, குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பிரமாணம் கிடையாது. இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது.

முதல் பதிலை மனப்பாடம் செய்துவிட்டேன். பத்து நாளை அன்று காலை என்று சொல்வது சின்ன விஷயம். இரண்டாவதில் ஒரு இடறல் இருக்கிறது. கோமளா கர்ப்பமாக இருந்தபோது இந்தப் பரிசோதனை செய்து, இல்லை என்று வந்த அட்டை டாக்டரம்மாவிடம் இருக்கிறது. வக்கீல் அதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

போன வாரம் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். நிற்கக்கூடாது என்று ஜாமீன் நிபந்தனை எதுவும் இல்லை. மணி அடித்ததும் மிருதுளா ஓடிவந்தாள், என்னைப் பார்த்த வேகத்தில் படியில் விழுந்தாள். முழங்கால் தேய்ந்து ரத்தம். நான் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பின்னால் நகர்ந்துவிட்டாள்.

“தொடாதீங்கப்பா. என்ற ரத்தத்த யாருந் தொடக்கூடாது. உங்களுக்கும் கண்ணு மஞ்சளாயிரும்.”

பாருங்கள், எப்படிச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாள் தாய்க்காரி. அப்பன் தொடக்கூடாதாம். பையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து அவளே துடைத்து, அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். ஆறு வயது. முடிச்சு சரியாகப் போடுகிறாள், அது என்னிடமிருந்து வந்தது. அப்புறம் எட்ட நின்றுகொண்டே சொன்னாள், “டீச்சர் என்ற தாடயப் பாத்து, கோடு போட்ட மாதிரி இருக்குது, ஆரு தெச்சாங்கன்னு கேட்டாங்க. எங்கப்பான்னு சொன்னேன்.”

அதுதான் தம்பி எனக்கு இடிக்கிறது. மற்ற இரண்டு பதிலையும் விட்டுவிடுங்கள். மூன்றாவதுதான். அது கால் அங்குல இடைவெளி, ஐந்தும் ஒரே அளவு, ஒரு மயிரிழை கூடக்குறைய இல்லை. அவள் கத்திக்கொண்டு திமிறும்போது, கோமளா தலையைப் பிடித்துக்கொள்ள, நான் போட்டது. அதைக் கரூரில் எவனோ ஒரு கம்பவுண்டர் போட்டான் என்று அந்தப் பிள்ளை நிற்கும்போதே நான் சொல்ல வேண்டுமாம். தாடையை ஒப்புக்கொண்டால் பதினோரு பேரையும் ஒப்புக்கொண்ட மாதிரி, கோமளா மேலும் மாரப்பன் மேலும் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும், முழுத் தண்டனையும் வரும், நூலகத்துக்குத் திரும்பிப் போக முடியாது என்கிறார் வக்கீல். அவர் சொல்வது சரி. தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

என் பெயர்தான். இரண்டாவது முறை கூப்பிடுகிறார்கள். கோமளா எழுந்துவிட்டாள் பாருங்கள், பிள்ளையும்.

வக்கீல் கை காட்டுகிறார், நான் அவரைப் பார்க்கப்போவதில்லை. நீதிபதி இருக்கிற மேடையிலிருந்து அந்தத் தையல் தெரியாது தம்பி, அவ்வளவு சன்னம். பிள்ளையை ஜன்னல் பக்கம், வெளிச்சத்தில் நிறுத்தி, தாடையைத் தூக்கிக் காட்டச் சொல்லப்போகிறேன்.